கொழுப்பில் தங்கும் நஞ்சு: சில கேள்விகள், என் பதில்கள்

பூச்சிக்கொல்லி எச்சங்களை அளக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் உணவுச் சங்கிலியில் எப்படிச் சேர்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தண்ணீரில் இருப்பதோ துளியூண்டு. மீன் தின்னும் பறவையிடம் போகும்போது அது எப்படிப் பல ஆயிரம் மடங்காகிறது?

ஒரு மீன் ஒரு கிலோ வளர ஏறக்குறைய பத்து கிலோ இரை தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்றதில் பெரும்பகுதி நீந்துவதிலும் மூச்சு விடுவதிலும் எரிந்துபோகும். ஆனால் டிடிடி (DDT) என்ற பழைய பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சை உடம்பால் எளிதில் உடைக்க முடியாது. தண்ணீரில் கரையாததால் சிறுநீரோடும் வெளியேறாது. நேராகப் போய்க் கொழுப்பில் உட்கார்ந்துகொள்ளும். இரை எரிந்துவிட, அதிலிருந்த நஞ்சில் பெரும்பங்கு அந்த ஒரு கிலோ உடம்பில் தங்கிவிடுகிறது. அந்த மீனைத் தின்னும் பறவைக்கும் இதே கணக்குதான்.

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரியில் நடந்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் தொல்லை அங்கே அதிகம். அதை ஒழிக்க 1949, 1954, 1957 என மூன்று முறை டிடிடியின் நெருங்கிய உறவான ஒரு மருந்தை ஏரியில் கலந்தார்கள். கடைசி இரண்டு முறை கலந்த அளவு, ஐந்து கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. கொஞ்ச நாளில் தண்ணீரைச் சோதித்தபோது மருந்தே தெரியவில்லை. ஆனால் மிதவை உயிரிகளில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு இருந்தது. செத்துக் கிடந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு! கலந்த அளவைப் போல 80,000 மடங்கு. மருந்து மறைந்துபோகவில்லை, தண்ணீரிலிருந்து உயிர்களுக்குள் குடிமாறியிருந்தது. தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ‘ஏரி சுத்தம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் இந்த ஏரிதான் நினைவுக்கு வரும்.

உயிரித் திரட்சி, உயிரியல் உருப்பெருக்கம், இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரே உயிரின் உடம்பில் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போவது திரட்சி. சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அளவு கூடுவது உருப்பெருக்கம். திரளும் பொருள் எல்லாம் படிக்குப் படி பெருகும் என்று சொல்ல முடியாது.

கொழுப்புக்குள் அடைந்து கிடந்தால் அதனால் என்ன கெடுதல்?

நல்ல கேள்வி. கொழுப்பு என்பது உடம்பின் சேமிப்பு. பட்டினி, நோய், நெடுந்தூர வலசை, குட்டிக்குப் பால் கொடுப்பது என்று தேவை வரும்போது உடம்பு அதை எடுத்துச் செலவழிக்கும். அப்போது உள்ளே இருந்த நஞ்சும் ரத்தத்துக்கு வந்துவிடும். நன்றாகத் தின்று திரிந்த பறவை, கடும் குளிரில் இரை கிடைக்காத வாரத்தில் செத்து விழுவது இப்படித்தான்.

கொல்லாமலும் கெடுக்கும். டிடிடி உடம்பில் டிடிஇ ஆக மாறுகிறது. முட்டை ஓட்டுக்குக் கால்சியம் கொண்டுசேர்க்கும் வேலையை டிடிஇ தடுக்கிறது. ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கிப்போகும். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதியிலிருந்தே ஓடு மெலிந்திருப்பதை 1967-இல் காட்டினார். கோழி முட்டைக்கு டிடிஇ-யால் பெரிய பாதிப்பு இல்லை. கோழியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்த ஆபத்து தெரியாமலே போயிருக்கும்.

களைக்கொல்லிகளும் இப்படிச் சேருமா? கிளைபோசேட் பற்றித்தான் எங்கே பார்த்தாலும் பேச்சு.

பெரும்பாலான களைக்கொல்லிகள் இப்படிச் சேர்வதில்லை. கிளைபோசேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொழுப்போடு ஒட்டாது, உணவுச் சங்கிலியில் பெருகாது. 2,4-டி-யும் சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் உண்டு. அட்ரசின் என்ற களைக்கொல்லி நிலத்தடி நீரில் இறங்கி நெடுநாள் தங்குவது அதில் ஒன்று. டிடிடி-யின் கதையைக் கிளைபோசேட் மேல் ஏற்றிச் சொல்வது தவறு. தவறான காரணத்தைச் சொன்னால் சரியான காரணத்தையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. 2,4,5-டி என்ற களைக்கொல்லியைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கழிவுப்பொருளும் உண்டாகி அதில் கலந்துவிட்டது. 1965 முதல் 1970 வரை வியட்நாம் காடுகள் மேல் அமெரிக்க ராணுவம் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் இந்தக் களைக்கொல்லி இருந்தது. களைக்கொல்லி சிதைந்துபோனது, டையாக்சின் போகவில்லை. அந்த மருந்தைச் சேமித்து வைத்திருந்த பியன் ஹோவா விமானத்தளத்தை ஒட்டிய குளங்களின் மீன்களில் பல பத்தாண்டுகள் கழித்தும் அது இருந்தது. மனித உடம்பில் டையாக்சின் பாதியாகக் குறையவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகலாம்.

காய்கறியைக் கழுவினால் போதுமா?

மேற்பரப்பில் இருப்பது ஓரளவு போகும். கொழுப்பில் சேர்ந்திருப்பதைக் கழுவி எடுக்க முடியாது. மீன், இறைச்சி என்றால் தோலையும் கொழுப்பையும் நீக்குவது, கொழுப்பு வடிந்துபோகும்படி சமைப்பது கொஞ்சம் உதவும்.

தடை செய்து பல வருடம் ஆகியும் ஏன் இன்னும் பிரச்சினை?

மண் மறக்காது என்பதால். கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் 1972-இலிருந்து 1993 வரை வாழைத்தோட்டங்களில் கூன்வண்டை ஒழிக்கக் குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். இன்று அங்குள்ள பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. வாழைப்பழத்துக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் அதே மண்ணில் விளையும் கிழங்குகளில் ஏறியது. ஓடை வழியே கடலுக்குப் போய் மீனிலும் இறாலிலும் சேர்ந்தது. சில இடங்களில் மீன்பிடிக்கத் தடை போட வேண்டியதாயிற்று. யாருக்காகப் பயிர் வைத்தார்களோ அவர்கள் தட்டுக்குப் போகாமல், அதை விளைவித்தவர்களின் தட்டுக்கு வந்து சேர்ந்தது. இதை எழுதும்போதுகூட மனசு கனக்கிறது.

இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. குளோர்டெகோன் டிடிடி போலக் கொழுப்பில் ஒளிந்துகொள்வதில்லை, பெரும்பாலும் கல்லீரலில்தான் சேரும். புதிதாக உள்ளே போவது நின்றால், சில மாதங்களில் ரத்தத்தில் பாதியாகக் குறையும். அதனால் மாடுகளைச் சுத்தமான தீவனத்துக்கு மாற்றிக் கொஞ்ச காலம் வளர்த்தால் அவற்றின் உடம்பைத் தேற்ற முடிகிறது.

இப்போது வரும் மருந்துகள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்கிறார்களே, அப்போது பயமில்லைதானே?

சேராது என்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்ல. அர்ஜென்டினாவில் 1995-96-இல் வெட்டுக்கிளிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். அது நெடுநாள் தங்கும் மருந்தல்ல. ஆனால் வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்திருந்த சுவைன்சன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கில் செத்தன. ஒரே படி, ஒரே வேளை இரை, அவ்வளவுதான். அப்புறம், புரோடிஃபாகோம் போன்ற புது வகை எலிமருந்துகள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும்.

தாய்ப்பாலில் இந்த நஞ்சு வரும் என்று படித்தேன். எனக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். பாலில் கொழுப்பு இருப்பதால் பழைய மருந்துகளின் எச்சம் கொஞ்சம் வரும் என்பது உண்மைதான். அதெல்லாம் தெரிந்துதான் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலையே பரிந்துரைக்கிறது, அதன் நன்மை அவ்வளவு பெரியது. டிடிடி-யைத் தடை செய்த நாடுகளில் தாய்ப்பாலில் அதன் அளவு வருடா வருடம் இறங்கியது. ஸ்வீடனில் அதைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். பாலை நிறுத்தி உங்கள் உடம்பைச் சுத்தம் செய்யப் பார்க்க வேண்டாம். பால் கொடுக்கும் மாதங்களில் கடும் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கவும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

ஒரு மருந்து சேருமா சேராதா என்று எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது?

தண்ணீரும் கொழுப்பும் பக்கத்தில் இருந்தால் எதில் அதிகம் கரைகிறது, மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது, மீனின் உடம்பில் எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நெடுநாள் தங்கும் இப்படிப்பட்ட நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் உருவான உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், தண்ணீரைவிட மீன் உடம்பில் 5,000 மடங்குக்கு மேல் ஏறுவது ஓர் அளவுகோல்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. மீன் செவுள் வழியே தண்ணீருக்குள் கழித்துவிடும் சில பொருட்களை, காற்றைச் சுவாசிக்கும் விலங்கால் அப்படிக் கழிக்க முடியாது. மீனில் பெருகாத அவை ஓநாயிடமும் மனிதரிடமும் பெருகலாம் என்று 2007-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் இப்போதெல்லாம் யாராவது மீன் சோதனை முடிவை மட்டும் நீட்டினால், பாலூட்டியில் பார்த்தீர்களா என்று கேட்பேன்.