விற்பது வேறு, வாடகைக்கு விடுவது வேறு

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் சிறு நகரத்தில், போக்குவரத்து விளக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் என்று நகர நிர்வாகம் பதித்த ஃபைபர் கேபிளின் ஒரு பகுதியைத் தனியார் இணைய நிறுவனத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். வரிப் பணத்தில் போட்டதைத் தனியார் லாபத்துக்குத் தாரைவார்ப்பது நியாயமா? யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரம் ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்து ஏமாந்ததை மறந்துவிட்டார்களா? நகரமே வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தால் என்ன?

பதில்: பிரோவோவில் நடந்தது விற்பனை, உங்கள் ஊரில் பேச்சு அடிபடுவது வாடகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், உண்மையில் எதிர்க்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

பிரோவோ நகரம் ஏறத்தாழ 3.9 கோடி டாலர் கடன் வாங்கித் தன் வலையமைப்பைக் கட்டியது. நகரங்கள் நேரடியாக வீடுகளுக்கு இணைய சேவை விற்பதை யூட்டா மாநிலச் சட்டம் 2001-லேயே இறுக்கிக் கட்டியிருந்ததால், மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் நிறுவனங்களை நம்பியே அது தொழில் நடத்த வேண்டியிருந்தது. வருமானம் போதவில்லை. 2008-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். அதுவும் பணம் கட்ட முடியாமல் திணற, வலையமைப்பு நகரத்தின் கைக்கே திரும்பி வந்தது. 2013-இல் கூகுள் ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது. கடன் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. அதை அடைப்பதற்காக வீட்டு மின்சார, தண்ணீர்ப் பில்லோடு மாதம் 5.35 டாலர் சேர்த்துக் கட்டினார்கள் மக்கள்.

அந்த ஒரு டாலரைவிட என்னை அதிகம் வருத்துவது அதன் கூடவே வந்த இரண்டு செலவுகள்தான். கேபிள் எந்தத் தெருவில் எந்தப் பக்கமாகப் போகிறது என்ற பதிவுகள் நகரத்திடம் சரியாக இல்லாததால், அதைக் கண்டுபிடிக்க ஒரு பொறியியல் நிறுவனத்துக்குச் சுமார் 5 லட்சம் டாலர் போனது. தான் பதித்த கேபிளிலேயே தன் போக்குவரத்து விளக்குகளையும் காவல், தீயணைப்புப் பணிகளையும் தொடர்ந்து நடத்துவதற்கான கருவிகளுக்கு ஏறத்தாழ 7.22 லட்சம் டாலர் போனது. சொத்துக்குச் சொந்தக்காரராக இருப்பதற்கும் விருந்தாளியாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பணம்தான்.

இனி வாடகைக்கு வருவோம். கட்டை விரல் பருமனுள்ள ஒரு கேபிளுக்குள் 144 கண்ணாடி இழைகள் இருக்கலாம். பன்னிரண்டு பன்னிரண்டாகச் சிறு குழாய்களில் அடுக்கி, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வோர் இழைக்கும் ஒரு நிறம் பூசியிருப்பார்கள். இணைப்புப் போடுபவர் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று அறிகிறார். சிக்னல் விளக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் அவற்றில் சிலவே போதும். தெருவைத் தோண்டி மூடுவதுதான் பெரும் செலவு என்பதாலும், தோண்டிய பிறகு கூடுதல் இழை போட அதிகம் ஆகாது என்பதாலும், விவரமறிந்த நகரங்கள் தேவைக்கு மேலேயே போட்டு வைக்கின்றன. மீதி இழைகள் ஒளி பாயாமல் மண்ணுக்கடியில் சும்மா கிடப்பதால் வரி கட்டும் உங்களுக்கு ஒரு காசு லாபமில்லை.

ஸ்டாக்ஹோம் நகரம் 1994-இல் ஸ்டோகாப் என்ற தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, டார்க் ஃபைபர் எனப்படும் இத்தகைய வெற்று இழைகளை மட்டும் வாடகைக்கு விட்டது. தானே இணைய இணைப்பு விற்று வாடகைதாரர்களோடு போட்டியிடக் கூடாது, எல்லோருக்கும் ஒரே நிபந்தனைகள் என்பதில் அது உறுதியாக நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதே இழைகளில் தொழில் செய்கின்றன. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில், ஊருக்குச் சொந்தமான மின் நிறுவனம் தன் மின்கட்டமைப்புத் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு ஃபைபர் பதித்து, 2016-இல் கூகுள் ஃபைபரை முதல் வாடகைதாரராகச் சேர்த்துக்கொண்டது. பிரோவோவில் வாங்கிய அதே நிறுவனம் இங்கே வாடகை கொடுக்கிறது. கேபிள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது, வேறு நிறுவனங்கள் வருவதற்கும் தடையில்லை.

நகரமே இணைப்புக் கொடுக்கலாமே என்கிறீர்கள். டென்னஸியின் சட்டநூகாவில் ஊரின் மின்வாரியம் அதைச் செய்து, 2010-இலேயே நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை வீடுகளுக்குக் கொடுத்தது. ஆனால் அதற்குக் கம்பம் ஏறும் ஆட்களும் பில் போடும் அலுவலகமும் ஏற்கெனவே இருந்தன. கூட்டாட்சி அரசும் 11 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. இவை எதுவும் இல்லாத சிறு நகரம், நள்ளிரவில் இணைப்பு அறுந்தது என்று அழைப்பவருக்குப் பதில் சொல்லும் வேலையைத் தலையில் போட்டுக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆகவே, தனியாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டிராமல் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை இழைகள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும், பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நாளை தேவைப்படும் இழைகளை ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைக் கொடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பள்ளம் தோண்டும் இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டால் முதலில் ஒட்டப்படுவது ஊரின் இழையா, நிறுவனத்தின் இழையா? நிறுவனம் கைமாறினால் குத்தகையும் தானாகக் கைமாறுமா? பாதைகளின் வரைபடம் யாரிடம் இருக்கும்? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு எந்த நிறுவனத்துக்கும் இழை கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை எங்காவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால், எவ்வளவு பெரிய வாடகை தருவதாகச் சொன்னாலும், நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள்.