தோளுக்குப் பொருந்தாத ரைபிள் நேராகச் சுடாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘பவர்’ பற்றியவை. எத்தனை பவர் இருந்தாலும் தோளும் கன்னமும் கண்ணும் ரைபிளோடு ஒரே கோட்டில் உட்காரவில்லை என்றால் குறி தப்பும். பதில்களைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டைக்கு வைத்திருக்கும் .375 ரைபிள்கள் ஏன் அவ்வளவு கனம்? அப்படி ஒன்றை இங்கே செய்து வாங்க முடியுமா? தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. (பேரையூர் பக்கமிருந்து ஒரு விவசாயி)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது, முயலவும் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி தயாரிப்பது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். பட்டறையில் யாராவது “பண்ணித் தர்றேன்” என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பன்றி விஷயமும் அப்படித்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது விவசாயி தானாகச் சுட முடியாது. பயிர்ச்சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், இழப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம்.

இனி கனம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா (குண்டின் விட்டம் .375 அங்குலம்) 1912-இல் வந்தது. 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 5,750 ஜூல். குண்டும் அதன் பின்னால் பீறிடும் வாயுவும் முன்னே போகும் அளவுக்கு ரைபிள் பின்னே வந்தாக வேண்டும். 4.2 கிலோ ரைபிள் என்றால் தோளை நோக்கி நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் வரும், உதை 52 ஜூல். அதே தோட்டாவை 3.2 கிலோ ரைபிளில் சுட்டால் வேகம் 6.5 மீட்டரைத் தாண்டும், உதை 69 ஜூலைத் தொடும். ஒரு கிலோ குறைத்ததற்கு உதை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கனம் குறைந்தால் தூக்கிக்கொண்டு நடக்கச் சுகம்தான். ஆனால் இரண்டு முறை தோளில் வாங்கியவர் மூன்றாவது முறை ட்ரிகரைத் தொடும்போதே கண்ணை மூடுவார். அந்தப் பயம் பழக்கமாகிவிட்டால் அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

எங்க தாத்தா வைத்திருந்த உரிமம் உள்ள பழைய ரைபிள். ஸ்டாக்கில் (மரப்பிடியில்), ட்ரிகருக்கு மேலே இரும்பு முடியும் இடத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா? தாத்தா போன வருடம் தவறிவிட்டார். (மேலூர்)

உங்கள் கடைசி வரிதான் அவசரம். உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒரு வருடம் ஓடிவிட்டது, இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள். ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துப் போவது நல்லது. வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

விரிசல் அந்த இடத்தில் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரும்பின் வால் பகுதி மரத்தோடு இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு உதைக்கும் அது உளி போல மரத்தைப் பிளக்கும். உதையைத் தாங்க வேண்டியது முன்னால், பேரலுக்கு அடியில் இருக்கும் தடித்த முட்டு. வாலுக்குப் பின்னால் மெல்லிய அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாவது காரணம் எண்ணெய். ‘நல்லா இருக்கட்டும்’ என்று வருடக்கணக்கில் தாராளமாக விட்ட எண்ணெய், துப்பாக்கியைப் பேரல் மேலே இருக்கும்படி சாய்த்து வைக்கும்போது மெல்ல இறங்கி அந்த மரத்தில் ஊறும். உற்றுப் பாருங்கள்: விரிசலைச் சுற்றி மரம் மற்ற இடத்தைவிடக் கறுத்து, நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறதா? அப்படியானால் மரம் நார்நாராக மெத்துப் போய்விட்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, ஃபெவிகாலும்தான். எண்ணெயை உறிஞ்சி எடுத்து, எபாக்சி செலுத்தி, உள்ளே குறுக்கு ஊசி வைப்பது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை. உங்கள் பெயருக்கு உரிமம் வந்தபின் கொடுங்கள்.

பேரல் உள்ளே செம்புள்ளித் துரு இருந்தால் அதற்குப் பழைய காலத் தோட்டாக்கள்தான் காரணமாக இருக்கும். அவற்றின் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் மருந்து) எரிந்தபின் விடும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. வெந்நீர்தான் கரைக்கும், எண்ணெய் அதற்குப் பிறகு.

மகளுக்கு 12 வயது. 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறேன். பழைய மேட்ச் (போட்டி) ரைபிள் ஒன்று, கிட்டத்தட்ட 5 கிலோ, நல்ல விலைக்கு வருகிறது. ஸ்டாக்கைச் சரிசெய்து கொடுத்தால் போதுமா? (திருமங்கலம்)

வேண்டாம். விதிப்படி உச்ச எடை 5.5 கிலோ என்பது வளர்ந்தவர்களுக்கு. 12 வயதுப் பிள்ளை 5 கிலோவைப் பிடித்து நிற்க இடுப்பை முன்தள்ளி முதுகைப் பின்னால் வளைக்கும். அந்த வளைவு பழகிவிடும், முதுகும் வலிக்கும். 4 கிலோவுக்குள் இருக்கும் ஜூனியர் மாடலைத் தேடுங்கள்.

எதை வாங்கினாலும் பொருத்துவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் நீளம்: விரலின் நுனிச்சதை ட்ரிகரில் இயல்பாகப் படியும்போது பின்தகடு (ஸ்டாக்கின் பின்முனைத் தகடு) தோள் குழியில் உட்கார வேண்டும். நீளம் அதிகமானால் பிள்ளை தோளை முன்னே இழுப்பாள், குறைந்தால் மூக்கு சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) இடிக்கும். அடுத்தது பின்தகட்டின் உயரம். தலையைக் குனியாமல், ரைபிள் முகத்தைத் தேடி வர வேண்டும். கன்னம் படியும் கன்னத்தட்டைக் கடைசியில் தொடுங்கள். கண்ணை மூடி ரைபிளை எடுத்துக் கன்னத்தை முழுப் பாரத்தோடு சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் பின் சைட்டின் துளை நடுவில் முன் வளையம் தெரிய வேண்டும். வளையத்தின் மேல் விளிம்பு மறைந்தால் கன்னத்தட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், கீழ் விளிம்பு மறைந்தால் உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம். ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். வளரும் பிள்ளை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் மாறும்.

பிறகு நிற்கும் நிலை. குறிபார்த்து, கண்ணை மூடி, மூன்று மூச்சு விட்டுத் திறக்கட்டும். குறி இடமோ வலமோ ஓடியிருந்தால் கையால் தள்ளித் திருத்தக் கூடாது. பாதங்களைச் சற்றே திருப்பி நிற்க வேண்டும். கையால் தள்ளிய குறி, ட்ரிகர் விழும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள், பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) ஈயம்.

முன் வளையம் சின்னதாக இருந்தால்தானே குறி கூர்மை? (வாடிப்பட்டி)

இல்லை. இலக்குத் தாளின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும். வளையம் இறுக்கமானால், கறுப்பு நடுவில் இருக்கிறதா என்று கண் தடுமாறி, ட்ரிகரை இழுக்கத் தயங்கி, மூச்சு தீர்ந்துபோகும். ஒரு அளவு பெரியதைப் போட்டு ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள்.

ஸ்ப்ரிங் ஏர் ரைபிளில் கெட்டி ஸ்ப்ரிங் போட்டேன். சத்தம் கூடியது, குறி சிதறுகிறது. (உசிலம்பட்டி)

எதிர்பார்த்ததுதான். ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னே தள்ளும்போது ரைபிள் பின்னே உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே குதிக்கும். இவை இரண்டும் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடும். கெட்டி ஸ்ப்ரிங் இரண்டு அதிர்வையும் கூட்டுகிறது. சத்தத்தோடு புகையும் தீய்ந்த வாடையும் வந்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் பற்றி எரிகிறது, சீல் கருகிவிடும். போதாததற்குச் சட்டமும் இருக்கிறது: 4.5 மில்லிமீட்டர் பேரலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருக்கும்வரைதான் உரிமம் வேண்டாம். பழைய ஸ்ப்ரிங்கை மாட்டுங்கள், ஸ்டாக் திருகுகளை இறுக்குங்கள், ஸ்டாக்கின் முன்பகுதியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுடுங்கள். சிதறல் பாதியாகும்.

மேட்ச் பெல்லட்டில் 4.49, 4.50 என்று அளவு போட்டிருக்கிறார்களே, எதை வாங்குவது? (கே.கே. நகர்)

அந்த எண் பெல்லட் தலையின் விட்டம். எது உங்கள் பேரலுக்கு என்று பேரல்தான் சொல்லும், கடைக்காரர் சொல்ல முடியாது. ஒவ்வொரு அளவிலும் ஒரு டப்பா வாங்கி, ரேஞ்சில் ரைபிளை ரப்பர் வைத்த பிடிப்பானில் கட்டி, முதல் ஐந்தைக் கணக்கில் விட்டுவிட்டு அடுத்த பத்தை ஒரே தாளில் சுடுங்கள். துளைக் கூட்டத்தின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒத்துப்போகும் பெல்லட் ஏறக்குறைய ஒரே துளையாக, 5.5 மில்லிமீட்டருக்குள் விழும். 7-ஐத் தாண்டினால் அந்த டப்பாவைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர். பெல்லட்டின் மையம் 2.5 மில்லிமீட்டர் விலகினாலே பத்தின் எல்லை. அதில் ஒரு மில்லிமீட்டரைப் பெல்லட்டே தின்றுவிட்டால் உங்கள் கைக்கு மிச்சம் என்ன? நல்லது கிடைத்ததும் டப்பாவில் அச்சிட்ட லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். லாட் மாறினால் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.

ஏர் ரைபிளின் காற்றுச் சிலிண்டரைக் காரிலேயே வைத்துவிடுகிறேன். தப்பா? (அண்ணா நகர்)

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். 30 டிகிரியில் 200 பார் (காற்றழுத்த அலகு) நிரப்பிய சிலிண்டர் அங்கே 220 பாருக்கு ஏறும். கூடவே கொண்டு போங்கள். சிலிண்டர் உடலில் பொறித்த தேதியையும் பாருங்கள். மேட்ச் ரைபிள் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். அதைத் தாண்டியது பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு ஒதுக்குங்கள். ஓ-ரிங்குக்கு (காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு) சிலிக்கோன் கிரீஸ் மட்டும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் காற்றுப் பாதையில் படக் கூடாது, அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கும்.