டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில், சண்டையில் விதிப்புத்தகத்தில் இல்லாத வித்தையை வீரர் செய்யப் போனால் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) எப்படித் தீர்ப்புச் சொல்வது?

எதிரியின் கண்ணில் மணலை வீசுவது, சரவிளக்கை அறுத்து அவன் தலையில் விழவைப்பது என இரண்டைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். சரவிளக்கு ஒருமுறைதான் விழும், அதனால் தாராளமாகக் கொடுக்கலாம். மணலை ஒவ்வொரு சண்டையிலும் அள்ளலாம். அது வாள்வீச்சைவிட லாபமாக இருந்தால், எல்லோரும் ஒவ்வொரு சுற்றிலும் அதையே செய்வார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு (2014) கணக்கில் சொல்கிறேன். மணலுக்கு நெருங்கிய விதி தள்ளிவிடுவது, அதாவது ஷவ். அது ஒரு தாக்குதலை விலையாக வாங்கி எதிரியைக் கீழே சாய்க்கிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கிறது. குருடாக்குவது அதைவிட வலியது: வில்லாளிக்கும் அட்வான்டேஜ், எதிரியின் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டில் சிறியதை எடுப்பது). ஆகவே முழு ஆக்ஷனையும் (ஒரு சுற்றில் செய்யக்கூடிய முக்கியச் செயல்) விலையாக வையுங்கள். எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்க உருட்டும் பகடை) போடட்டும். டிசி (தப்பிக்க எட்ட வேண்டிய எண்), 8 + வீரரின் புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டெண்) + டெக்ஸ்டெரிட்டி மாடிஃபயர் (சுறுசுறுப்புக்கான கூட்டெண்). தோற்றால் வீசியவரின் அடுத்த டர்ன் தொடங்கும்வரை குருடு. அதே எதிரிமீது மறுபடி வீசினால் சேவில் அவனுக்கு அட்வான்டேஜ், ஏனென்றால் இப்போது அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணே இல்லாத உயிரிமீது பலிக்காது.

சரவிளக்குக் கயிற்றின் பக்கத்தில் கத்தியோடு நிற்பவருக்குப் பகடையே வேண்டாம், வெட்டட்டும். தூரத்திலிருந்து அம்பு விட்டால் மட்டும் கயிற்றுக்கு ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 11. கீழே நிற்பவன் டிசி 15 டெக்ஸ்டெரிட்டி சேவ். தவறினால் முழுச் சேதம், தப்பினால் பாதி. சேதம், வீரர்களின் முதல் 4 நிலைகளில் 2டி10 (பத்துப் பக்கப் பகடை இரண்டு), 5 முதல் 10 வரை 4டி10. இது கூடுதல் இல்லை: இரண்டு முறை வெட்டும் ஐந்தாம் நிலை வீரர், 1டி8+4 வாளால் சராசரியாக 17 எடுப்பார், 4டி10 சராசரி 22.

பெரும்பாலான டிஎம்கள் சறுக்குவது பகடை எண்ணிக்கையில்தான். ஒருவர் சரவிளக்கில் தொங்கி எதிரியை உதைக்கப் போனால், தாவ ஒரு அக்ரோபாடிக்ஸ் (உடல் லாவகம்) பகடை, சங்கிலியைப் பிடிக்க ஒரு அத்லெடிக்ஸ் (உடல் வலு) பகடை, உதைக்க ஒரு தாக்குதல் பகடை என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் 65 சதவீதம் என்றால் மூன்றும் பலிக்க வாய்ப்பு 27 சதவீதம்தான். இரண்டு முறை தோற்ற வீரர் அப்புறம் ‘வெட்டுகிறேன்’ என்பதைத் தவிர எதையும் சொல்லமாட்டார். எந்த இடம் உண்மையிலேயே ஆபத்தோ அதற்கு மட்டும் உருட்டச் சொல்லுங்கள்.

உருட்டும் முன்பே டிசி, ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு மனம் மாறினால், அந்த ஆக்ஷன் இன்னும் அவர் கையில்தான்.

‘கழுத்தை வெட்டுகிறேன்’ என்பது தனி. அதற்கு எண் எதுவும் கூட்டாதீர்கள். ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) தீரும் அடியைக் கழுத்தில் விழுந்ததாக வர்ணித்துக் கொடுங்கள். கூட்டினால் அரக்கர்களும் வீரர்களின் கழுத்தையே குறிவைக்க வேண்டியிருக்கும்.