சென்னையின் முதல் ரயில் முனையம் ஏன் ராயபுரத்தில் அமைந்தது?

தண்டவாளம் முடிந்து, ரயில் வந்த வழியே திரும்பும் நிலையம்தான் முனையம், முட்டுச்சந்து மாதிரி. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து, ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது.

காரணம் கடல். அப்போது இங்கே கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். அலையில் உடையாதபடி கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கு கரைக்கு வரும். வாங்கி விற்ற வணிகர்களும் பக்கத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனில் இருந்தார்கள். அதனால் முனையமும் கரைக்குப் பக்கத்திலேயே, ராயபுரத்தில் அமைந்தது.

இன்று ராயபுரம், சென்னை கடற்கரை நிலையத்துக்கும் வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கும் இடையே மின்சார ரயில்கள் நின்று போகும் நிலையம். பழைய தூண் கட்டடம் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

இந்தியாவின் முதல் நிலையம் இதுதான் என்று சிலர் சொல்வது தவறு. பம்பாய், தானே நிலையங்கள் 1853-லேயே வந்துவிட்டன. அந்த ஆரம்பக் கட்டடங்கள் இன்று இல்லை, ராயபுரம் இருக்கிறது.