கிப்பனுக்கு வால் கிடையாது

அன்புள்ள அக்கா,

வங்கியில் வேலை பார்க்கிறேன், ஓவியமும் வரைகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் என் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். அதன்பிறகு 14 மாதமாக ஒன்றுமே வரவில்லை. கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. சிங்கப்பூரில் வரைய இனி என்ன மிச்சம்? ஆற்றங்கரை, தேக்கா, கடைவீடுகள் எல்லாவற்றையும் வரைந்து தீர்த்துவிட்டார்கள். 1952இல் நான்கு சிங்கப்பூர் ஓவியர்கள் பாலிக்குப் போனதால்தான், சீன மரபும் மேற்கத்திய முறையும் கலந்த நன்யாங் ஓவியம் வேகம் பிடித்தது என்கிறார்கள். நானும் சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் அங்கே தங்கிவிட்டு வரலாமா? இல்லை, ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கலாமா? மூவறை வீட்டில் இடமும் இல்லை, தனிமையும் இல்லை. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை தேக்கா சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். 50 வெள்ளி நோட்டை நீட்டும்போதுதான் கவனித்தேன், நோட்டின் பின்பக்கமும் கருவாடு. சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது, பெண்கள் உப்புமீன் காயவைக்கும் படம். அதே பக்கத்தில் சென் வென் ஷியின் இரண்டு கிப்பன்கள், அதாவது நீண்ட கைகளுள்ள வாலில்லாக் குரங்குகள், கொடிகளுக்கு நடுவே இருக்கின்றன. 1999இலிருந்து அந்த நோட்டை மடித்து மடித்துச் செலவு செய்கிறேன். வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திறந்தால் நீங்கள் அதே ஆட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இருவருமே உங்கள் நால்வரில் சேர்ந்தவர்கள்.

பாலிக்குப் போனார்கள், சரி. சில வாரங்கள்தான். கண்காட்சி வைத்தது 1953இல். நடுவில் இருந்த மாதங்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. ஊர் திரும்பி, இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள், அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஸ்டூடியோ விஷயம்: வாடகை கட்ட முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் வேண்டாம்.

சென் வென் ஷியின் கிப்பன் கதை தெரியுமா? 13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சி வரைந்த கிப்பன் படத்தின் அச்சுப்பிரதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். நிஜக் கிப்பனை அதுவரை பார்த்ததில்லை. அதனால் சாதாரணக் குரங்குக்குப் போடுவதுபோல் வாலையும் போட்டுவிட்டாராம். கிப்பனுக்கு ஏது வால் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்ததாம். அப்புறம் என்ன செய்தார்? 300 வெள்ளி கொடுத்துக் கடையில் ஒரு கிப்பனை வாங்கி, கிங்ஸ்மீட் சாலை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். பிறகு இன்னும் சில வந்தன. அவை தொங்குவதையும் தாவுவதையும் தினமும் பார்த்தார். (அக்கம்பக்கத்தார் என்ன பாடுபட்டார்களோ, கிப்பன் கத்தினால் ஊருக்கே கேட்கும்.)

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்றில் பூக்கடைப் பெண் படம்தான் பெரிது, உழைத்திருக்கிறீர்கள், அந்த மஞ்சள் பல்ப் வெளிச்சம் எனக்குப் பிடித்தது. ஆனால் அவள் கையில் ஊசி. மடியில் கிடக்கும் சரத்திலோ மொட்டுகள் ஜோடி ஜோடியாக இரண்டு பக்கமும் பார்க்கின்றன, காம்புகள் நடுவில் சேர்கின்றன. தம்பி, அது நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிய பூ. ஊசியில் கோத்தால் சரம் அப்படி வரவே வராது. அவள் கட்டுகிறாளா, கோக்கிறாளா? கை ஒரு புகைப்படத்திலிருந்தும் பூ இன்னொரு புகைப்படத்திலிருந்தும் வந்திருக்கின்றன, இல்லையா? ஈரடி நடந்தால் தேக்காவின் பஃபலோ சாலைப் பூக்கடைகள். ஒரு நாளாவது போய் நின்றீர்களா? தேக்காவை வரைந்து தீர்த்துவிட்டார்களாம்! ஒரு முழம் பூவையே இன்னும் ஒழுங்காக வரையவில்லை, தீர்ந்துபோய்விட்டதாமே.

இவ்வளவு திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. என் அம்மா தோ பாயோ வீட்டில் சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்து பூ கட்டிக் கடைக்குக் கொடுப்பார். நூல் நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதித்தான் வளர்ந்தேன். பின்னாளில் பூ கட்டும் அம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதினேன். நல்ல பேர் கிடைத்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். "நீங்கதாம்மா." "வலது கையில முடிச்சுப் போடுறான்னு எழுதியிருக்கே. நான் இடது கையில்ல."

இருபது வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. எழுத்து வரவில்லை, வறட்சி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொள்ள ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. வறட்சியாவது ஒன்றாவது, எல்லாம் வெட்கம். அடுத்த வரி எழுதப் போனால், இதையும் பார்க்காமல்தானே எழுதுகிறாய் என்று உள்ளே ஒன்று கேட்கும். உங்களுக்கும் கை நின்றது கண்காட்சிக்குப் பிறகுதான், கடைவீடுகள் தீர்ந்த பிறகு அல்ல. அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? அதைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

அம்மாவிடம் பூ கட்டக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். இடது கைக்காரரிடமிருந்து வலது கைக்காரி கற்பது பெரும் கஷ்டம், எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி வரும். என் சரம் தூக்கினாலே உதிர்ந்துவிடும். அம்மா சிரிப்பார். இன்றைக்கும் எனக்குச் சரியாகக் கட்டத் தெரியாது. ஆனால் அவர் விரல் எந்த இடத்தில் நூலை அழுத்திப் பிடிக்கும் என்று தெரியும்.

சனிக்கிழமை காலை பஃபலோ சாலைக்குப் போங்கள். கேன்வாஸ் வேண்டாம், போனைப் பையிலேயே வையுங்கள். சும்மா நின்றால் கடைக்காரம்மா முறைப்பார், இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள். சில்லறையாக எடுத்துப் போங்கள், காலையிலேயே 50 வெள்ளி நோட்டை நீட்டினால் அதற்கும் திட்டு விழும்.

அன்புடன்,
அக்கா