முதல் ஞாயிறு ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டாம்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூடத்தில், விண்டோஸ் 10 லேப்டாப் வைத்திருக்கும் 20 பேருக்கு லினக்ஸ் போட்டுத் தரலாம் என்று நினைக்கிறோம். ஒரு ஞாயிறு போதுமா? என்னென்ன தேவை?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

ப: பழகிப் பார்க்க ஒரு ஞாயிறு தாராளம், போட்டுத் தரப் போதாது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், இருட்டிய பிறகும் பாதியில் நிற்கும் நாலு லேப்டாப்பைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருப்பீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அவசரம் புரிகிறது. ஆனாலும் முதல் நாள், விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓடவிடுங்கள். 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்தாதவரை டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். பிடித்தவர்கள் முழு பேக்கப் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வரட்டும்.

லினக்ஸ் வகைகளில் புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 போதும். விண்டோஸ் பழகிய கை அதில் தடுமாறாது. 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட்டின் சின்னமன் பதிப்பு, 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நாலு வகை லினக்ஸைப் பரப்பி வைத்து 'எது வேண்டும்?' என்று கேட்காதீர்கள். வந்தவர் குழம்பிப்போய் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

16 ஜிபி பென் டிரைவ் எட்டு வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்குவதானால், கொள்ளளவு பொய்யாக எழுதிய டிரைவும் கைக்கு வரலாம்; மின்ட் கோப்பை நகலெடுத்தபின், நகல் பிசகவில்லை என்று காட்டும் ஷா-256 எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். நகல் பழுதாக இருந்தால் பாதி தூரம் ஓடி நின்றுவிடும். பழி லேப்டாப் மேல் விழும். ஒரே டிரைவில் இரண்டு மின்ட் பதிப்பும் வேண்டுமென்றால் அதற்கான வென்டாய் என்ற மென்பொருளைப் போடுங்கள். செக்யூர் பூட் (அனுமதி பெற்ற மென்பொருளை மட்டுமே துவங்கவிடும் பாதுகாப்பு) உள்ள மெஷினில் வென்டாய் முதல்முறை நீலத் திரை காட்டி அதன் சாவியைப் பதியச் சொல்லும். உதவியாளர்கள் இதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வரட்டும்.

மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. கூடத்தின் வைஃபையை நம்பி 20 பேரை டவுன்லோடு செய்யச் சொன்னால் மதியச் சாப்பாடு வந்துவிடும், மின்ட் வராது.

அடுத்தது கரண்ட். ஒரு சார்ஜர் 65 வாட் என்றால் 20-க்கு 1,300 வாட். 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவதே 1,380 வாட்தான். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் கோர்க்காமல் மூன்று நாலு பிளக்குகளுக்குப் பிரித்துவிடுங்கள். அன்று பெஸ்காமின் மின்தடை அறிவிப்பு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கு ஓர் உதவியாளர், வாசலில் தனியாக ஒருவர். வாசலில் இருப்பவர் ஒரு சீட்டில் ரேம், மாடல், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருக்கிறதா, சார்ஜர் வந்ததா என்று குறித்து லேப்டாப் மேல் ஒட்டிவிட வேண்டும். பென் டிரைவிலிருந்து துவக்க உதவும் பூட் மெனுவைத் திறக்கும் விசையையும் அதிலேயே எழுதலாம்: டெல், லெனோவோ எஃப்12, ஹெச்பி எஃப்9, ஆசுஸ் பெரும்பாலும் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

மின்ட் திறந்ததும் ஐந்தைப் பாருங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், மூடித் திறந்தால் விழிக்கிறதா. கடைசிதான் பழைய லேப்டாப்களில் அதிகம் காலை வாரும். வைஃபை தெரியாவிட்டால் பெரும்பாலும் பிராட்காம் சிப். போனை யுஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியாகப் பகிர்வது) இணைத்து 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் சரியாகிவிடும்.

கே: பென் டிரைவில் மின்ட் பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினேன். நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. எல்லாம் போய்விட்டதா?
— வாசகி, ஸ்ரீராமபுரம்

ப: எதுவும் போகவில்லை. அது பிட்லாக்கர். பென் டிரைவுக்காக யாரோ செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார்கள். பூட் அமைப்பு மாறினால், டிஸ்க்கின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் அதைத் தர மறுக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பது நின்றுவிடும். நிற்காவிட்டால் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் அங்கே மீட்புச் சாவி இருக்கும். அந்தச் சாவி எங்குமே இல்லையென்றால் டிஸ்க்கைத் திறக்க யாராலும் முடியாது. அதனால்தான் மின்ட்டைத் தொடுமுன் சாவியைத் தாளில் எழுதி வாங்கச் சொல்கிறோம். விண்டோஸ் 11-இல் உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கலாம்.

கே: மின்ட், விண்டோஸ் இரண்டும் இருக்கிறது. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பேட்டரி போய்விட்டதா?
— வாசகர், சிவாஜிநகர்

ப: பேட்டரி போனால் இவ்வளவு கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் பின்தங்காது! லினக்ஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படித்துக்கொள்ளும். வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி மின்ட்டிடம் சொன்னால் தீர்ந்தது; டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை.

கே: வீட்டில் எனக்குத் தமிழ், பள்ளிக்குப் போகும் மகளுக்குக் கன்னடம். தட்டச்சு முடியுமா? பழைய தமிழ்க் கோப்புகள் திறக்குமா?
— வாசகி, ஜாலஹள்ளி

ப: முடியும். மொழித் தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வரும்; கன்னடத்துக்கு விசைப்பலகைப் பட்டியலிலேயே ககப என்ற விசை அமைப்பு இருக்கிறது. யூனிகோடில் அடித்த கோப்புகள் லிப்ரே ஆபீசில் அப்படியே திறக்கும். விண்டோஸின் லதா எழுத்துரு மின்ட்டில் இல்லாததால் வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும், பக்க எண்ணிக்கை சற்று மாறும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். நெடுநாள் வைத்திருக்க வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.