எழுத்தாளர் கேள்வி பதில்: அச்சுக்குப் போகும் முன்

கேள்வி: என் முதல் நாவலை நானே வெளியிடுகிறேன். டெம்மி அளவு, ஆஃப்செட்டில் 500 பிரதி. '203 பக்கம் வருது, பாரக் கணக்குக்குள்ள கொண்டாங்க' என்கிறார் அச்சகத்தார். எழுத்தைச் சிறிதாக்கிவிடலாமா?
- வாசகி, தேனி

பதில்: எழுத்தின் அளவில் கை வைக்காதீர்கள். 11 புள்ளியில் இருப்பதை 10 ஆக்கி, வரி இடைவெளியையும் நெருக்கினால் மேல்வரியின் 'கூ', 'ணூ' வாலும் கீழ்வரியின் 'கீ', 'ளீ' சுழியும் முட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் காற்று வேண்டும்.

டெம்மி தாளின் முன்புறம் எட்டு, பின்புறம் எட்டு என 16 பக்கம் அச்சாகி மடிவதுதான் ஒரு பாரம். 12 பாரத்துக்கு 192 பக்கம், 13 பாரத்துக்கு 208. முதலில் ஒன்றைக் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரை எல்லாம் சேர்த்துத்தான் 203-ஆ? பலர் இடறுவது இங்கேதான். இவற்றுக்கு 8 பக்கம் தனியாக வந்தால் மொத்தம் 211. மூன்று பக்கத்துக்காக 14-வது பாரம் ஓட்டி, 13 வெற்றுப் பக்கத்துக்கும் காகிதக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சேர்த்தே 203 என்றால் 208-ல் நிறுத்தலாம், ஐந்து வெற்றுப் பக்கம் குறையே இல்லை. ஆனாலும் 192-க்கு முயன்று பாருங்கள் என்பேன். முதல் நாவலில் 11 பக்கம் இளைக்க அநேகமாக இடம் இருக்கும், இளைத்தால் கதையும் நிமிரும்.

புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்குகிறதல்லவா? அப்படியானால் கடைசிப் பக்கத்தில் மூன்று நான்கு வரி மட்டும் தொங்கும் அத்தியாயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு வரி குறைந்தால் ஒரு முழுப் பக்கம் மிச்சம். அதற்காகக் காட்சியை வெட்ட வேண்டாம். கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் கிடக்கும் பத்திகளைத் தேடுங்கள், அங்கே ஒரு சொல் போனால் ஒரு வரி போகும். "வெளிய போடா!" என்று கோபத்தோடு கத்தினான் என்பதில் 'கோபத்தோடு' எதற்கு? 'மெல்ல எழுந்து நடந்து சென்றாள்' என்பது 'எழுந்து போனாள்' ஆகட்டும். பேசுபவர் யார் என்று தெரிகிற இடத்தில் 'என்றான்', 'என்றாள்' கூட வேண்டாம்.

கேள்வி: நாயகி பெயர் கௌசல்யா. கோப்பில் தேடினால் பாதி இடங்களில் அகப்படவே இல்லை. ஏன்?
- வாசகர், கரூர்

பதில்: சில இடங்களில் 'ௌ' என்ற ஒரே குறியாகவும், சில இடங்களில் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' சேர்த்தும் தட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். மின்னூலை வாசித்துக் காட்டும் செயலி 'கெ-ள-சல்யா' என்று படிக்கும், கேட்கவே சங்கடமாக இருக்கும்.

'ெள' எல்லாவற்றையும் ஒரேயடியாக 'ௌ' என்று மாற்றிவிடாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதையும். கௌரவம், பௌர்ணமி, மௌனம் எனச் சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும். 'ஔவை'க்கும் இதே கதி, அங்கே 'ஒளி' மாட்டிக்கொள்ளும்.

'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டி அதன் தலையில் புள்ளி வைப்பதும் பரவலான பிழை. துணைக்கால் மேல் புள்ளியோ சுழியோ தமிழில் எங்குமே வராது. ஆகவே 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும் அச்சமின்றி மொத்தமாக மாற்றலாம்.

கேள்வி: பதிப்பாளர் தந்த ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு என்றே இல்லை. கையெழுத்துப் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆண்டு இல்லாதது உங்களுக்குச் சாதகம்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 19-வது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாக எழுதாதவரை, எழுதிக் கொடுத்த உரிமையை அவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும்.

பயப்பட வேண்டியது 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற வரிக்குத்தான். அது உங்கள் ஆயுளும், அதற்குப் பின் 60 ஆண்டும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அச்சு மட்டும் அவருக்கு என்றால், மற்ற நான்கின் எதிரே 'ஆசிரியரிடமே' என்று இருக்கட்டும்.